பொட்டலத்துத் தோசை

குற்றாலத்துக்கு எதற்குப் போகிறீர்கள் என்று யாரைக் கேட்டாலும் குளிக்கத்தான் என்பார்கள். தூத்துக்குடி நாறும்பூநாதன் மட்டும் அப்படிச் சொல்ல மாட்டார். அருவியில் குளிப்பது பசி எடுப்பதற்காக. பசி எடுப்பது தென்காசியில் போய்ச் சாப்பிட உட்காருவதற்காக. அவருடைய நியாயம் அது.

துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் குமாஸ்தா. வருஷம் பூராவும் உப்புக் காற்று, உப்புத் தண்ணீர். மேற்கே சாரல் விழுந்துவிட்டது என்று காதில் பட்டதோ இல்லையோ, லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மனைவி செண்பகவல்லியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். பிள்ளைகள் பிறந்த பிறகு அவர்களை அம்மா பொறுப்பில் விட்டுவிட்டுக் கிளம்புவார். மூன்று நாளைக்கு மேல் தங்க மாட்டார். ஆனால் அந்த மூன்று நாளில் ஒரு வேளையைக்கூட வீணாக்க மாட்டார்.

காலையில் பேரருவிக்குத் தலையைக் கொடுத்துவிட்டு வந்தவுடன், ஈரத் துண்டோடு சன்னதித் தெருவில் இட்லி. மறுநாள் செங்கோட்டை ரயிலடிக்குப் பக்கத்தில் மலையாளத்துக்காரர் கடையில் புட்டும் கடலையும், மேலே உடைத்துப் போட்ட பப்படமும். சாயங்காலம் ஐந்தருவியில் சாரலுக்கு முதுகைக் காட்டி நின்றபடி மிளகாய் பஜ்ஜி. இவையெல்லாம் சில்லறைத் தெய்வங்கள். மூலவர் தென்காசிக் கோயிலுக்கு எதிரே இருந்த சைவ கிளப்புக்கடையின் தோசைதான்.

அந்தத் தோசையைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் ஆபீஸில் வேலை நின்றுவிடும். "கல்லுலேருந்து இலைக்கு, இலையிலேருந்து வாய்க்கு. நடுவுல காத்துப் படப்படாது. காத்துப் பட்டுதோ, அது தோசை இல்ல, வெறும் மாவு" என்பார். அதனால்தான் கிளப்புக்கடையில் அவர் கண்ட இடத்தில் உட்கார மாட்டார். அடுக்களை வாசலை ஒட்டி ஒரு பெஞ்சு உண்டு. புகை வரும், கண் எரியும், மாஸ்டரின் வியர்வைகூடத் தெறிக்கும். நாறும்பூநாதனுக்கு அதுதான் சிம்மாசனம். வேறு யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால், அந்த ஆள் கையைக் கழுவுகிற வரைக்கும் வாசலிலேயே நிற்பார். சப்ளையர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். குற்றாலம் போகிற ஆபீஸ்காரர்கள் ஒருத்தர் விடாமல் அவரிடம் வந்து, எங்கே என்ன சாப்பிடலாம் என்று கேட்டுக்கொண்டுதான் போவார்கள்.

நாக்கைப் பற்றி இவ்வளவு தெரிந்த மனிதருக்கு ஒரே ஒரு விஷயம் தெரியாமல் போயிற்று. அதுவும் பக்கத்திலேயே இருந்த விஷயம்.

கல்யாணமான மறுவருஷம் அவர்கள் முதல் தடவையாகக் குற்றாலம் வந்தார்கள். வெள்ளைக்காரன் போய் ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. செண்பகவல்லி கோவில்பட்டிப் பெண். இருபது வயதுகூட நிரம்பவில்லை. எதைப் பார்த்தாலும் சிரிப்பு வரும் வயது. தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்குள் நுழைகிறவர்களை எப்போதும் ஒரு காற்று எதிரே வந்து தள்ளும். அது தள்ளியபோதும் சிரித்தாள். திரும்பி வரும்போது அதுவே முதுகைப் பிடித்து வெளியே தள்ளியது. அதற்கும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் கிளப்புக்கடை வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். உள்ளே கல்லில் மாவு விழுகிற சத்தம் கேட்டது. நல்லெண்ணெய் மணம் தெரு வரைக்கும் வந்தது.

"நானும் உள்ள வரட்டுமா?" என்று கேட்டாள். "ஒரு ஓரமா உக்காந்துக்கிடுதேன். கல்லுலேருந்து எடுத்த சூட்டோட ஒண்ணே ஒண்ணு தின்னு பாக்கணும்."

நாறும்பூநாதன் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி இருந்ததால் அவருக்கும் சிரிப்புத்தான் வந்தது.

"கிளப்புக்கடையிலயா? உள்ள பூரா ஆம்பிளையாளுக. நம்மூர்க்காரன் எவனாவது பாத்துட்டாம்னா, நாறும்பூ பெண்டாட்டி பெஞ்சில உக்காந்து தோசை திங்காளாம்னு துறைமுகம் பூராச் சொல்லிருவான். நீ மண்டபத்துல இரு. உனக்கு நான் கட்டிக்கிட்டு வாரேன்."

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த நாளில் மானம் மரியாதை என்று பேசுகிற எந்த வீட்டுப் பெண்ணும் கிளப்புக்கடையில் ஏறி உட்கார மாட்டாள். ஆண்கள் உள்ளே போய்த் தின்றுவிட்டு, ஏப்பம் விட்டபடி கையில் ஒரு பொட்டலத்தோடு வருவார்கள். பெண்கள் வண்டியிலோ மரத்தடியிலோ செருப்புக்கும் பைக்கும் காவல் இருப்பார்கள். எல்லாரும் செய்ததைத்தான் அவரும் செய்தார். ஆனால் எல்லாரும் தோசையைப் பற்றி அவ்வளவு பேசவில்லை. அதுதான் வித்தியாசம்.

செண்பகவல்லி மண்டபத்துக்குத் திரும்பிப் போய்த் தூணோரம் உட்கார்ந்தாள். அவர் வந்தபோது வாழையிலையில் மடித்து, மேலே பேப்பர் சுற்றி, வாழைநாரால் கட்டிய பொட்டலம் கையில் இருந்தது. சாமி சன்னிதானத்தில் வைத்துத் தின்னக்கூடாது என்று அதை மடியில் வைத்துக்கொண்டு குற்றாலம் பஸ்ஸுக்கு நின்றார்கள். பஸ் வர நேரமாயிற்று. ரூமுக்குப் போய்ச் சேரும்போது பேப்பரெல்லாம் சாரலில் நனைந்திருந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துத் தின்றாள். அவர் எதிரே நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"நல்லாருக்கா? அவ்வளவுதானா?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் மறுபடியும்.

நாறும்பூநாதனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அந்தத் தோசையைத் தின்றவன் கண்ணை மூட வேண்டும், தலையை ஆட்ட வேண்டும், இன்னொன்று கிடைக்குமா என்று கேட்க வேண்டும். இவள் என்னடாவென்றால் கஷாயம் குடித்தவள் மாதிரி ஒரு வார்த்தை சொல்கிறாள்.

அதற்கப்புறம் வந்த சீசனெல்லாம் இப்படியேதான் போயிற்று. போகும்போது ஆலங்குளத்தில் பஸ் நிற்கும். ஆண்கள் இறங்கிப் போய்ச் சட்டியிலிருந்து எடுத்த வடையை ஊதி ஊதித் தின்பார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைக்கிற நேரம் பார்த்து, நாறும்பூநாதன் இரண்டு வடையைப் பேப்பரில் சுற்றி ஜன்னல் வழியாகச் செண்பகவல்லியிடம் நீட்டுவார். பஜ்ஜி ஐந்தருவியிலிருந்து ரூமுக்கு வரும். புட்டு செங்கோட்டையிலிருந்து வரும். தோசை தென்காசியிலிருந்து வரும். எதைக் கேட்டாலும் அவள் சொல்வது அந்த ஒரே வார்த்தைதான். உள்ளே வரட்டுமா என்று மட்டும் மறுபடி அவள் கேட்கவே இல்லை. அவள் கேட்டதையே அவர் மறந்துபோனார்.

ஒன்றே ஒன்றை மட்டும் அவள் வாய் நிறையப் புகழ்வாள். அருவிக்கரையில் கூடையில் வைத்து விற்கிற மங்குஸ்தான் பழம். அதை அவரே ரூமுக்கு வாங்கி வந்து கொடுப்பார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தி, சிவப்புத் தோட்டை உடைத்து, வெள்ளைச் சுளையை எடுத்து வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொள்வாள். "ரொம்ப நல்லாருக்கு. இன்னொண்ணு எடுத்துக்கிடட்டா?" என்பாள்.

இதைப் பார்த்து நாறும்பூநாதன் ஒரு முடிவுக்கு வந்தார். தன் மனைவிக்கு நாக்கு கிடையாது என்பதுதான் அந்த முடிவு. இனிப்புத் தெரியும், அவ்வளவுதான். உப்பு, புளிப்பு, முறுகல், பக்குவம் இதெல்லாம் அவளுக்கு எட்டாது. இதை மனதோடு வைத்துக்கொண்டாரா என்றால், அதுவும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். "கடவுள் எனக்கு ரெண்டு பேரு நாக்கைக் குடுத்துட்டு இவளுக்குக் குடுக்க மறந்துட்டாரு" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே செண்பகவல்லியும் சிரிப்பாள்.

ஆபீஸில் ஆதித்தன் என்று ஒரு வாலிபன் புதிதாகச் சேர்ந்தான். கல்யாணமான கையோடு, நாறும்பூநாதனிடம் யோசனை கேட்டுக்கொண்டு பெண்டாட்டியோடு குற்றாலம் போய் வந்தான். வந்ததும் இருவரும் அவர் வீட்டுக்கு வந்து நன்றி சொன்னார்கள். அந்தப் பெண் அடுக்களை வரைக்கும் போய்விட்டாள்.

"அக்கா, நாங்க உள்ள போயே தின்னோம். அண்ணாச்சி சொன்ன அதே பெஞ்சு. எல்லாரும் பாத்தாவ. பாத்தா பாக்கட்டும்னு இருந்துட்டோம். வாயில வச்சா நெய்யா கரையுது. உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்குமே."

"அவுக கட்டிக்கிட்டு வருவாவ" என்றாள் செண்பகவல்லி.

இது முன்னறையிலிருந்த நாறும்பூநாதன் காதிலும் விழுந்தது. அவர்கள் போன பிறகு, "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு வெக்கம் மானம் ஒண்ணும் கிடையாது" என்றார். செண்பகவல்லி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் முகத்தை அவர் அப்போதாவது பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

பிறகு ஒரு சீசனில் அவர் ஐந்தருவியில் வழுக்கி விழுந்தார். பாசி படிந்த பாறையில் நின்றுகொண்டு, யாரோ ஒரு விருதுநகர்க்காரருக்கு எந்தக் கடைப் பஜ்ஜி நல்லது என்று கை நீட்டிக் காட்டியபோது காலை வாரிவிட்டது. எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் கணுக்கால் வீங்கி, தரையில் ஊன்ற முடியாமல் போயிற்று. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து ரூமில் கொண்டு வந்து போட்டார்கள். மறுநாள்தான் தென்காசித் தோசைக்கு வைத்திருந்த நாள்.

வலியைப் பொறுத்துக்கொண்டார். தோசையை விட மனம் வரவில்லை. அவர்கள் தங்கியிருந்த கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற சுடலைக்கண்ணு மறுநாள் ஏதோ சாமான் வாங்கத் தென்காசிக்குச் சைக்கிளில் கிளம்பினான். அவனைக் கூப்பிட்டு, எந்தக் கடை, எந்த வாசல், மாஸ்டரிடம் யார் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். பிறகு காலை எண்ணெய்த் துணியில் சுற்றி நீட்டிக்கொண்டு, பசியோடு காத்திருந்தார். சாரல் விட்டு விட்டுப் பெய்தது.

சுடலைக்கண்ணு வந்தான். பொட்டலத்தைப் பிரித்ததும் நாறும்பூநாதன் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். அவர் முகம் மாறியது.

"எந்தக் கடையிலவே வாங்கினீரு?"

"நீங்க சொன்ன கடையிலதான் அண்ணாச்சி."

"பொய் சொல்லாதயும். இது தோசையா? ஈரத் துணி மாதிரி இருக்கு. சட்னி பூரா இதுக்குள்ள எறங்கி நசநசன்னு கெடக்கு. பேப்பர் வாடை வேற. பஸ் ஸ்டாண்டுல எவனோ ஊத்தினதை வாங்கிட்டு வந்து என்கிட்டயே கதை விடுதீரு. எனக்கு அந்தக் கடைத் தோசை தெரியாதா?"

"கோயில் வாசல் சத்தியமா சொல்லுதேன் அண்ணாச்சி, உங்க பேரைச் சொல்லித்தான் வாங்கினேன்" என்றான் சுடலைக்கண்ணு. அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஜன்னலோரம் இருந்த செண்பகவல்லி எழுந்து வந்தாள். இலையிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துத் தின்றாள். தலையை ஆட்டினாள்.

"அவரை ஏசாதீங்க. அதே கடைதான்."

"உனக்கென்ன தெரியும்?"

"எனக்குத் தெரியாம? வருசா வருசம் நான் திங்கது இதைத்தானே. அதே புளிப்பு. ஓரம் இப்படித்தான் தோலாட்டம் இருக்கும். சட்னி ஒரு பக்கமாத்தான் எறங்கியிருக்கும். எப்பவும் இப்படித்தான் இருக்கும்."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. பாவம், சுடலைக்கண்ணு ஏச்சு வாங்குகிறானே என்றுதான் சொன்னாள். அவனை அனுப்பிவிட்டு, தன் பங்குத் தோசையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தாள்.

நாறும்பூநாதன் கையிலிருந்த துண்டு அப்படியே இருந்தது. இத்தனை வருஷத்தில் பொட்டலத்துத் தோசையை அவர் ஒரு தடவைகூடத் தின்று பார்த்ததில்லை. கல்லிலிருந்து வந்ததைத் தின்றுவிட்டு, அதே தோசைதானே என்று இன்னொன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். காத்துப் பட்டால் அது வெறும் மாவு என்று ஊரெல்லாம் சொன்னவர், பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்ததைப் பெண்டாட்டிக்குக் கொடுத்து, எப்படி இருக்கு என்று முகத்தைப் பார்த்தார். நல்லாருக்கு என்றாள். நாக்கு இல்லை என்று நாலு பேர் முன்னால் சிரித்தார்.

மங்குஸ்தான் ஞாபகம் வந்தது. அதன் தோட்டுக்குள் காற்றுப் போவதில்லை. அருவிக்கரையிலிருந்து ரூமுக்கு வந்தாலும் அது அதே பழம்தான். அவர் கொண்டு வந்து கொடுத்ததில் கெடாமல் வந்தது அது ஒன்றுதான். அதைத்தான் அவள் கண்ணை மூடித் தின்றாள்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஆலங்குளத்து வடை. ஐந்தருவி பஜ்ஜி. கடைசியில் அவருடைய வீட்டுத் தோசையும் ஞாபகத்துக்கு வந்தது. அவர் உட்கார்ந்ததும் கல்லிலிருந்து இலைக்கு வரும். அம்மாவுக்கு வரும். பிள்ளைகளுக்கு வரும். எல்லாரும் எழுந்த பிறகு, அடுப்பு அவிந்து, சட்னிக் கிண்ணம் காலியான பிறகு அவள் உட்காருவாள். இந்தப் பெண் வாழ்க்கையிலேயே சூடான தோசையைத் தின்றிருக்க மாட்டாள். அந்த முதல் வருஷம் கோயில் வாசலில் கேட்டாளே, ஒண்ணே ஒண்ணு என்று. அன்றைக்கு அவள் சிரித்துக்கொண்டே கேட்டது இப்போதுதான் அவர் காதில் விழுந்தது போலிருந்தது. கால் வலியெல்லாம் ஒரு வலியா என்று தோன்றியது.

"அடுத்த சீசனுக்கு உன்னையும் உள்ள கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள். "மொதல்ல கால் சரியாகட்டும்" என்றாள்.

ஊருக்குப் போன பிறகு ஒரு நாள் காலையில், "இன்னைக்கு நீ மொதல்ல உக்காரு, சூடாத் தின்னு" என்று அவர் சொன்னதும் உண்டு. "அப்பம் யாரு சுடுதது?" என்று அவள் கேட்டாள். தோசையைப் பற்றி விடிய விடியப் பேசுவார், ஆனால் கரண்டியைப் பிடிக்கத் தெரியாது. கற்றுக்கொள்ளலாமே என்று நமக்குத் தோன்றுகிறது. அவருக்குத் தோன்றவில்லை. தென்காசியில் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

மறு சீசன் வந்தது. நேரு காலமான வருஷம் அது. கிளப்புக்கடை வாசலில் அப்போது ஹோட்டல் என்று போர்டு மாட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு மூலையைத் தட்டி வைத்து அடைத்து, பூப்போட்ட திரை தொங்கவிட்டு, குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு என்று ஓர் இடம் செய்திருந்தார்கள். நாறும்பூநாதனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. கோயிலிலிருந்து வெளியே வந்ததும், "வா" என்றார்.

"எதுக்கு? நான் மண்டபத்துல இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க."

"ஏட்டி, வான்னா வா. உனக்காகத்தான் வந்திருக்கேன்."

அவள் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, தலையைக் குனிந்தபடி அவர் பின்னால் படியேறினாள். அடுக்களையோரத்துப் பெஞ்சு காலியாக இருந்தது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரைக்குள் போய் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சப்ளையரைக் கூப்பிட்டு, கல்லிலிருந்து எடுத்ததும் ஓடி வர வேண்டும், நடுவில் யாரிடமும் நின்று பேசக்கூடாது என்று சொல்லி வைத்தார். அவனும் ஓடித்தான் வந்தான். இரண்டு தோசையிலும் ஆவி பறந்தது. ஓரம் சிவந்து, நடுவில் எண்ணெய் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

"தின்னு. காத்துப் படுததுக்குள்ள தின்னு."

அவள் விரலை வைத்தாள். சுட்டது, எடுத்துவிட்டாள். மறுபடி ஒரு துண்டைப் பிய்த்தாள். அந்த நேரம் பார்த்துக் கோயில் வாசல் காற்று தெருவைத் தாண்டி வந்து திரையைத் தூக்கியது. வெளிப் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் உள்ளே பார்த்தார்கள். செண்பகவல்லி துண்டை இலையில் போட்டுவிட்டுத் தலைப்பை இழுத்துக்கொண்டாள். நாறும்பூநாதன் எழுந்து திரையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பம் தின்னு."

அவள் வாயில் போட்டாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். அவர் திரையைப் பிடித்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் மூடுமா, தலை ஆடுமா என்று பார்த்தார். அவள் கஷ்டப்பட்டு விழுங்கித் தண்ணீர் குடித்தாள். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"என்னட்டி?"

"எறங்க மாட்டேங்கு."

"நல்லா இல்லையா?"

"தோசையைச் சொல்லல. ஆளு பாக்க நான் எங்க தின்னிருக்கேன்? நீங்க வேற வாயையே பாத்துக்கிட்டு நிக்கிய. எனக்கு ஒரு மாதிரி வருது." குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "இதைக் கட்டித் தரச் சொல்லுதியளா? ரூமுக்குப் போயித் தின்னுக்கிடுதேன்."

நாறும்பூநாதன் திரையை விட்டுவிட்டு உட்கார்ந்தார். ஆதித்தன் பெண்டாட்டி மாதிரி, பார்த்தால் பார்க்கட்டும் என்று தின்கிற தைரியம் இவளுக்கும் ஒரு காலத்தில் இருந்தது. காற்றுத் தள்ளினாலும் சிரித்த வயது அது. வரட்டுமா என்று அவளாகவே கேட்ட வாய் அது. அன்றைக்கு உள்ளே வந்திருந்தால் ஒன்றுக்கு மூன்றாகத் தின்றிருப்பாள். மண்டபத்தில் இரு, மண்டபத்தில் இரு என்று சொல்லிச் சொல்லி, அவளை மண்டபத்தில் இருக்கத் தெரிந்தவளாக அவர்தான் ஆக்கினார். இப்போது திரையைப் பிடித்துக்கொண்டு தின்னு தின்னு என்றால் எப்படி இறங்கும்? மனது ஆறவே இல்லை. இலையில் தோசையிலிருந்து ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

சப்ளையரைக் கூப்பிட்டார். "ரெண்டையும் கட்டும்."

"உங்களுக்குமா அண்ணாச்சி?" அவனால் நம்ப முடியவில்லை. "நீங்க போயிப் பொட்டலத்துல திங்கவா?"

"கட்டும்வே."

வாழையிலை, பேப்பர், வாழைநார். அடுக்களை வாசல் வழியாக மாஸ்டர் எட்டிப் பார்த்தார். நாறும்பூநாதன் தலை நிமிராமல் வெளியே வந்தார். பஸ்ஸுக்கு நிற்கும்போது பொட்டலத்தைச் செண்பகவல்லி வாங்கி மடியோடு அணைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கதகதப்பாக இருந்திருக்கும். குற்றாலம் போய்ச் சேருவதற்குள் அதுவும் போயிருக்கும்.

ரூமுக்கு வந்ததும் அவள் தன் வழக்கமான ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். அவர் கட்டிலில் உட்காரப் போனார்.

"அங்கன இருந்தா ஒண்ணும் தெரியாது. இங்கன வாங்க" என்று தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். "இங்கேருந்து பாத்தா மரத்துக்கு நடுவுல அருவி விழுதது தெரியும். நான் அதைப் பாத்துக்கிட்டே மெல்ல மெல்லத் தின்பேன்."

அவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். உண்மைதான், அருவி தெரிந்தது. இத்தனை சீசன் இந்த ரூமில் தங்கியும் இந்த இடத்தில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தாள். சட்னி ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. இப்போது அவளுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. பிய்த்தாள், தின்றாள், அருவியைப் பார்த்தாள்.

அவரும் ஒரு துண்டைப் பிய்த்துத் தின்றார். இழுத்தது. பேப்பர் வாடை அடித்தது. அதை விழுங்கிவிட்டு அவளைப் பார்த்து, "நல்லாருக்கு" என்றார்.

செண்பகவல்லி மெல்வதை நிறுத்தினாள்.

"ஆறிப்போன தோசை எங்கயாவது நல்லாருக்குமா? சும்மா சொல்லாதீங்க."

"பெறகு நீ மட்டும் ஏன் இத்தனை வருசமா அப்படிச் சொன்ன?"

"நீங்க எவ்வளவு ஆசையா வாங்கிட்டு வந்திய" என்றாள். "அதைப் போயிக் கெடுப்பானேன்னுதான்."

அதை அவள் கோபத்தோடு சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த துண்டைப் பிய்த்துக்கொண்டாள். நாறும்பூநாதன் பக்கத்தில் இருந்த தண்ணீரைத் தொடாமல், தன் பங்குத் தோசையை ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்று முடித்தார்.